இடிப்பதற்கு முன்பே எழுதப்படும் இழப்பு

புல்டோசர் தெருவுக்குள் நுழையும் நாளில்தான் செய்தியாளர்கள் வருகிறார்கள். அந்தத் தெருவில் யார் எதை இழப்பார் என்பதோ அதற்கு ஓராண்டு ஈராண்டு முன்பே, வாசலுக்கு வாசல் பெயிண்டால் எண் போட்டுக்கொண்டு போன நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நகர மறுசீரமைப்பு என்றாலும் பழைய கோயிலையோ கோட்டையையோ மீட்டெடுக்கும் பணி என்றாலும் முதலில் நடப்பது கணக்கெடுப்பு. பட்டியலில் பெயர் ஏறியவருக்கு மாற்று வீடோ பணமோ கிடைக்க வழியுண்டு. ஏறாதவர் அங்கே முப்பது ஆண்டு வாழ்ந்திருந்தாலும் கோப்பில் அவர் இல்லை. இழப்பீடு போதுமா போதாதா என்று வாதாடுகிறோம். யாரை எண்ணினார்கள், எதை எண்ணினார்கள் என்பதை அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கணக்கெடுப்பு நடக்கும் முறை எளிமையானது. திட்ட எல்லையை வரைபடத்தில் குறிப்பார்கள். ஒரு கட்-ஆஃப் தேதியை அறிவிப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு குடிவந்தவருக்கு உரிமை கிடையாது. இழப்பீட்டுக்காகவே வந்து குடிசை போடுபவர்களைத் தடுக்க இப்படியொரு தேதி தேவைதான். பிறகு ஒரு குழு வீடு வீடாகப் போய் அளவெடுத்து, குடியிருப்பவர் பெயரை எழுதி, வாசலில் நிற்கவைத்துப் படம் எடுக்கும்.

தவறு நுழையும் இடங்கள் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலாவது, எதை ஓர் அலகாகக் கொள்வது என்பது. கட்டடத்தை எண்ணினால் ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும் வீட்டில் ஒரு குடும்பம் மறைந்துபோகும். அண்ணன் பெயர் ஏறும். தம்பியும் அவர் மனைவி மக்களும் 'அண்ணனைச் சார்ந்தவர்கள்' ஆகிவிடுவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிறு வீடு ஒதுக்கப்படும். அடுத்தது, நேரம். குழு வருவது அலுவலக நேரத்தில். அந்நேரம் வேலைக்குப் போனவரின் வீட்டுக்கு எதிரே 'பூட்டியிருந்தது' என்று எழுதப்படும். பல பட்டியல்களில் அந்தச் சொல்லே இறுதித் தீர்ப்பாகிவிடுகிறது. குறைந்தது மூன்று முறையாவது போக வேண்டும், அதில் ஒரு முறை இரவிலோ விடுமுறை நாளிலோ இருக்க வேண்டும் என்பது களத்தில் பழகியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆள் பற்றாக்குறையால் அதுதான் முதலில் கைவிடப்படுகிறது.

ஆவணச் சிக்கல் இன்னும் ஆழமானது. மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகைதாரரிடம் ஒப்பந்தம் இருக்காது, இருந்தாலும் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை எழுதியதில் பழையது தொலைந்திருக்கும். உள்வாடகைக்கு இருப்பவரிடம் எதுவுமே இருக்காது. பட்டறையின் பரணில் உறங்கும் தொழிலாளி, படிக்கட்டுக்கு அடியில் தையல் எந்திரம் போட்டிருப்பவர், காலையில் மூன்று மணி நேரம் மட்டும் ஒரு திண்ணையைப் பயன்படுத்தும் வியாபாரி ஆகியோருக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. எண்ணை எதன்மேல் எழுதுவது? கணவரைப் பிரிந்து தனியே வாழும் பெண்ணின் வீடு பெரும்பாலும் அந்தக் கணவரின் பெயரிலேயே பதிவாகிறது. காசோலையும் அவர் பெயருக்கே போகிறது.

கட்-ஆஃப் தேதிக்கும் இடிப்புக்கும் நடுவே உள்ள காலமும் ஓர் ஓட்டைதான். ஐந்து ஆண்டு தாமதமான திட்டத்தில் அன்று பதினேழு வயதாக இருந்தவருக்கு இன்று மணமாகிக் குழந்தையும் இருக்கும். பழைய பட்டியலின்படி அவர் பெற்றோரின் அறையில் ஒரு மூலைக்கு மட்டுமே உரியவர். தாமதம் இரண்டு ஆண்டைத் தாண்டினால் பட்டியலை மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்கான செலவு மொத்தத் திட்டச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

ஒரு கட்டடத்துக்குள் எத்தனை உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கும் என்பதற்கு வாரணாசி நல்ல சான்று. காசி விசுவநாதர் கோயிலைக் கங்கைக் கரையோடு இணைக்கும் வளாகத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 டிசம்பர் 13 அன்று அது திறக்கப்பட்டது. அதற்காக 300-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பெறப்பட்டன என்றும், சுமார் 1,400 கடைக்காரர்கள், வாடகைதாரர்கள், வீட்டுரிமையாளர்கள் மறுவாழ்வு பெற்றனர் என்றும் அரசு அறிவித்தது. அரசின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரு கட்டடத்துக்கு நான்கு பேருக்கு மேல் உரிமை கோருபவர்கள். உரிமையாளர் ஒருவரோடு மட்டும் பேசி முடித்திருந்தால் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவின் 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. நிலம் சொந்தமில்லாதவர்களும், அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்தவர்களும், பிழைப்பு நடத்தியவர்களும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வருகிறார்கள். சமூகத் தாக்க மதிப்பீடும் கட்டாயம். ஆனால் கையகப்படுத்தாமல், உரிமையாளரிடம் பேசி நேரடியாக விலைக்கு வாங்கினால் அது சாதாரணக் கிரயமாக ஆகிவிடுகிறது. கிரயப் பத்திரத்தில் வாங்குபவர், விற்பவர் இருவருக்குத்தான் இடம். இருபது ஆண்டு வாடகைக்கு இருந்தவரை வெளியேற்றிக் காலியாக ஒப்படைக்கும் பொறுப்பு உரிமையாளரின் தலையில் விழுகிறது. அவர் அதை எப்படிச் செய்தார் என்று கேட்க யாரும் இல்லை.

வாடகைக் கடைக்காரரின் இழப்பைச் சியோல் நகரம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. அங்கே கடையை எடுக்கும்போது முந்தைய வாடகைதாரருக்கு ஒரு பெருந்தொகை கொடுக்கும் வழக்கம் உண்டு. நம் வணிகர்கள் குட்வில் என்பது அதைத்தான். கடையை விடும்போது அடுத்து வருபவரிடமிருந்து அந்தத் தொகை திரும்ப வரும். இடம் இடிக்கப்பட்டால் அடுத்து வருபவர் என்று யாரும் இல்லை. மறுசீரமைப்பு விதிகள் அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மாத வியாபார இழப்பை மட்டுமே கணக்கிட்டன. வாழ்நாள் சேமிப்பைக் குட்வில்லில் போட்டவர்கள் யோங்சான் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறிப் போராடினார்கள். 2009 ஜனவரி 20 விடியற்காலையில் காவல்துறை உள்ளே நுழைந்தபோது மூண்ட தீயில் போராடியவர்கள் ஐந்து பேரும் காவலர் ஒருவரும் இறந்தார்கள். அதன் பிறகு கணக்கிடும் வியாபார இழப்பு மூன்று மாதத்திலிருந்து நான்கு மாதமாக உயர்ந்தது. குட்வில்லுக்குச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது எந்த நகர்த் திட்டத்துக்கும் பொருந்தும். பாரம்பரிய மீட்பில் இதற்கு மேல் ஒன்று சேர்கிறது: எந்த ஆண்டுக்கு மீட்பது? ஒரு பழைய நகரப் பகுதியில் ஐந்நூறு ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மீட்பவர்கள் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குப் பின் வந்ததெல்லாம் ஒரே நொடியில் 'ஆக்கிரமிப்பு' ஆகிவிடுகிறது. அந்தப் பிந்தைய அடுக்குகளில்தான் இன்றைய மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பிரான்ஸில் 1962-ல் வந்த மால்ரோ சட்டம் பழைய நகரப் பகுதிகளை இடிப்பிலிருந்து காத்தது. அது பெரும் நன்மை. அதே சட்டத்தின் கீழ் பாரிஸின் மரே பகுதிக்குத் திட்டம் போட்டவர்கள் 1739-ம் ஆண்டின் துர்கோ வரைபடத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். மாளிகைகளின் முற்றங்களில் பின்னாளில் எழுந்த பட்டறைகளும் கொட்டகைகளும் வரைபடத்தில் இல்லை. எனவே அவற்றைச் சுரண்டி எடுப்பது 'சுத்தம் செய்தல்' எனப்பட்டது. முற்றங்கள் அழகாயின. அங்கே உலோகமும் தோலும் வைத்து வேலை செய்துவந்தவர்களுக்கு அந்தத் தெருக்களில் இடமில்லாமல் போயிற்று.

நினைவுச் சின்னத்தைச் சுற்றி வெட்டவெளி இருக்க வேண்டும் என்ற ஆசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பாரிஸைப் பேரளவில் இடித்து மாற்றியமைத்த அதிகாரி ஓஸ்மான் 1853 முதல் 1870 வரை நடத்திய பணிகளில் நோத்ர் தாம் பேராலயம் நிற்கும் தீவின் மக்கள்தொகை சுமார் 15,000-லிருந்து 5,000 அளவுக்கு இறங்கியது. பேராலயத்தின் முன்னே இன்று காணும் அகன்ற திடல் இடைக்காலத்தில் இருந்ததே இல்லை. நெருக்கமான சந்திலிருந்து திரும்பியதும் தலைக்குமேல் கோபுரம் தெரியும்படித்தான் அன்று பேராலயம் நின்றது. ரோமில் முசோலினி 1932 அக்டோபர் 28 அன்று திறந்த சாலை, பண்டைய ரோமப் பேரரசர்கள் கட்டிய பொதுத் திடல்களான பேரரசு மன்றங்களுக்கு மேலிருந்த குடியிருப்பை அழித்துப் போடப்பட்டது. குடும்பங்கள் நகருக்கு வெளியே அடிப்படை வசதிகூட இல்லாத குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அகழ்ந்தெடுத்த மன்றங்களின் பெரும்பகுதியும் அதே சாலைக்கு அடியில் மறுபடி புதைந்தது. ஏதென்ஸில் 1931-ல் தொடங்கிய அகோரா என்ற பண்டைய சந்தைத் திடலின் அகழாய்வுக்காக விரிசாகி என்ற குடியிருப்பே இல்லாமல் போனது. அந்தத் தளத்தில் 1950-களில் அட்டலோஸ் மண்டபம் புதிதாக எழுப்பப்பட்டது.

இதை எழுதுவதால் அகழாய்வோ மீட்போ கூடாது என்று பொருளில்லை. எந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் மனிதர்களை வெளியேற்றும் முடிவும் அடங்கியிருக்கிறது. அதைத் தொல்லியல் அறிஞரும் கட்டடக் கலைஞரும் மட்டும் உட்கார்ந்து எடுக்கக் கூடாது.

பாதுகாப்பு விதிகளே மெதுவாக வீட்டை விழுங்குவதும் உண்டு. இந்தியாவில் 2010-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு ஒழுங்குமுறைப் பகுதி. பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். விதியின் நோக்கம் சரி. ஆனால் ஓடு உடைந்த வீட்டில் நடப்பதைப் பாருங்கள். மழைக்கு முன் விண்ணப்பம் போகிறது. பதில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிகிறது. சுவரின் தலைப்பில் இறங்கிய நீர் மண்சாந்தைக் கரைக்கிறது. மரச்சட்டத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகிறது. ஒரு தட்டு ஓடும் ஒரு நாள் கூலியும் போதுமாயிருந்த வேலை, அடுத்த ஆண்டு மரச்சட்டத்தையே மாற்றும் வேலையாகிறது. அதற்கடுத்த ஆண்டு வீடு 'ஆபத்தான நிலையில்' என்ற பட்டியலுக்குப் போகிறது. அந்தப் பட்டியலைக் காட்டித்தான் பிறகு காலி செய்யச் சொல்கிறார்கள். கூரை, வடிகால், பூச்சு ஆகிய மூன்றுக்கும் நாள்கணக்கில் அனுமதி தரும் தனி வழி இருந்தால் பாதி வீடுகள் இந்த நிலைக்கு வராது.

இழப்பீட்டுத் தொகையைக் கணக்கிடும் முறைக்கு வருவோம். கட்டடத்தின் இன்றைய மதிப்பு என்று சொல்லி, வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பது பழைய வழக்கம். எண்பது ஆண்டு மண்சுவர் வீட்டுக்கு அந்தக் கணக்கில் மிஞ்சுவது ஏறக்குறைய அதிலுள்ள மரத்தின் விலை மட்டுமே. ஆனால் வெளியேறும் குடும்பம் எண்பது ஆண்டு தேய்ந்த இன்னொரு வீட்டை அதே விலைக்கு எங்கே வாங்கும்? அதனால்தான் உலக வங்கியின் மறுகுடியமர்வுத் தரம் 'மாற்றுச் செலவு' என்ற அளவைக் கேட்கிறது. தேய்மானம் கழிக்கக் கூடாது. பதிவுக் கட்டணம், இடம் மாறும் செலவு போன்றவற்றையும் சேர்க்க வேண்டும். வங்கி 1980-லேயே முதல் மறுகுடியமர்வுக் கொள்கையை வெளியிட்டது. அங்கே பணியாற்றிய சமூகவியலாளர் மைக்கேல் செர்னியா இடம்பெயர்ந்தவர்கள் ஏழையாகும் வழிகளை எட்டாக வகுத்தார்: நிலமிழப்பு, வேலையிழப்பு, வீடிழப்பு, ஓரங்கட்டப்படுதல், உணவுப் பற்றாக்குறை, நோயும் மரணமும் கூடுதல், பொது வளங்களை இழத்தல், உறவு வலை அறுதல். பெரும்பாலான இழப்பீட்டுத் திட்டங்கள் இவற்றில் முதல் மூன்றைத் தொட்டுவிட்டு நின்றுவிடுகின்றன.

உணவும் மரணமும் வீட்டுத் திட்டத்தோடு எப்படித் தொடர்புபடும் என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரம் விடை தருகிறது. 1927-ல் அங்கே ஒரு சேரிப்பகுதியிலிருந்து 710 பேரைப் புதிய, காற்றோட்டமான, குளியலறையுள்ள வீடுகளுக்கு மாற்றினார்கள். ஐந்து ஆண்டு கழித்து நகரின் சுகாதார அதிகாரி மெகானிகிள் கணக்குப் பார்த்தார். மாறிப்போனவர்களின் இறப்பு விகிதம் 1,000-க்குச் சுமார் 23-லிருந்து 33-க்கு மேல் ஏறியிருந்தது. பழைய சேரியிலேயே இருந்துவிட்ட இன்னொரு பகுதியில் அது குறைந்திருந்தது. அவர் கொள்ளைநோயைத் தேடினார், வீட்டின் குறையைத் தேடினார். கடைசியில் வீட்டுச் செலவுக் கணக்குகளில் காரணம் கிடைத்தது. புது வீட்டின் வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. வருமானம் அதே. குறைக்க முடிந்தது சாப்பாட்டை மட்டுமே. நல்ல வீடு கட்டிக் கொடுத்தவர்களின் நோக்கத்தில் குற்றமில்லை. ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவை எண்ணாமல் விட்டதால் மனிதர்கள் இறந்தார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மாற்று வீடுகள் ஒதுக்கப்படுவதை என்னவென்று சொல்வது?

இன்று வாடகையின் இடத்தில் தவணையும் பராமரிப்புக் கட்டணமும் பயணச் செலவும் நிற்கின்றன. இஸ்தான்புல்லின் பழைய கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ரோமா (ஜிப்சி) இன மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்த சுலுகுலே, 2005-ம் ஆண்டின் 5366-ம் எண் சட்டத்தின் கீழ் 'புதுப்பித்தல் பகுதி' ஆனது. வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் தஷோலுக் என்ற இடத்தில் நீண்டகாலத் தவணையில் அடுக்குமாடி வீடுகள் தரப்பட்டன. இசையும் நடனமும் சில்லறை வேலையுமே அவர்கள் பிழைப்பு. மாதம் தவறாமல் தவணை கட்டும் வருமானம் அவர்களிடம் இல்லை. பெரும்பாலோர் சில காலத்திலேயே அந்த வீட்டை விட்டுவிட்டுப் பழைய பகுதிக்கு அருகே திரும்பினார்கள், முன்பைவிட அதிக வாடகைக்கு. 2012-ல் நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தபோது இடித்த இடத்தில் புதுக் கட்டடங்கள் எழுந்துவிட்டிருந்தன.

தொலைவின் விலையை எளிதாகக் கணக்கிடலாம். முன்பு வேலைக்குப் போய்வர நாளுக்கு 20 நிமிடம் நடந்தவருக்கு இப்போது 3 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாளுக்குக் கூடுதலாக 66 மணி நேரத்துக்கு மேல், அதாவது எட்டு முழு வேலை நாள். பகுதிநேர வேலைகளை இணைத்துப் பிழைப்பவர்களுக்கு, குறிப்பாக மூன்று வீடுகளில் வேலை செய்துவந்த பெண்களுக்கு, இது சாத்தியமே இல்லை. முதலில் போவது அவர்கள் வேலைதான். அடுக்குமாடியில் நீரேற்றும் மோட்டார், லிஃப்ட், பொது விளக்கு எல்லாம் புதிய செலவுகள். தரைவீட்டில் இவை எதுவும் இல்லை. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து நகரின் தெற்கு ஓரத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் வாழும் பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களைப் போன்ற இடங்களில், லிஃப்ட் நின்றால் முதியவர் வீட்டுச் சிறையில் இருப்பவர்போல ஆகிவிடுவார். முதியவருக்கும் நடக்க இயலாதவருக்கும் தரைத்தளம் ஒதுக்க வேண்டுமானால் அந்தத் தகவல் முதல் கணக்கெடுப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். குலுக்கல் முடிந்த பிறகு எழுதிப் பயனில்லை.

வெளியேறும் நாளுக்கும் புது வீட்டுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. பழைய இடத்திலேயே புது வீடு, பதினெட்டு மாதத்தில் சாவி என்பார்கள். அதுவரை வேறிடத்தில் தங்க வாடகைப் படி, அதாவது ஓர் உதவித்தொகை. ஒரே வட்டாரத்தில் சில நூறு குடும்பங்கள் ஒரே மாதத்தில் வீடு தேடினால் வாடகை ஏறும். படியோ கணக்கெடுப்பு நாளின் வாடகையில் நிற்கும். பல திட்டங்களில் அது ஓராண்டுக்கு மொத்தமாகக் கொடுத்து முடிக்கப்படுகிறது. கட்டுமானம் நான்காம் ஆண்டில் நிற்கிறது. படியை மாதந்தோறும், ஆண்டுக்கு ஒரு முறை வாடகை உயர்வுக்கேற்பத் திருத்தி, சாவி கைக்கு வரும் நாள் வரை கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் தாமதத்தின் செலவு திட்டத்தின் தலையில் விழும், வேலையும் வேகமாக நடக்கும்.

வெளியேறும் நாளுக்கும் விதி உண்டு. ஐ.நா.வின் 2007-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மழை போன்ற மோசமான வானிலையிலும், இரவிலும், பண்டிகை நாள்களிலும், தேர்தலுக்கு முன்பும், பள்ளித் தேர்வு நேரத்திலும் வெளியேற்றக் கூடாது என்கின்றன. பள்ளி ஆண்டின் நடுவில் மாற்றினால் புதிய இடத்துப் பள்ளியில் இடம் கிடைக்காது. பழைய பள்ளிக்குப் பயணம் செய்யப் பணம் இருக்காது. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் அந்த ஆண்டோடு படிப்பை விட்டுவிடுகிறார்கள். எந்த இழப்பீட்டு அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

'தாமாக முன்வந்து' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். கம்போடியாவின் அங்கோர் தொல்லியல் பூங்காவிலிருந்து 2022 முதல் சுமார் 10,000 குடும்பங்களை ருன் தா எக் உள்ளிட்ட இடங்களுக்கு மாற்றும் பணி நடந்தது. மக்கள் விரும்பியே போனார்கள் என்றது அரசு. மிரட்டலும் அழுத்தமும் இருந்தன என்று மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023-ல் அறிக்கை வெளியிட்டது. போனவர்களுக்குக் கிடைத்தது 20-க்கு 30 மீட்டர் மனை, கூரைத் தகரம், சிறு தொகை. வீட்டை அவர்களே கட்டிக்கொள்ள வேண்டும். விருப்பம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், மறுத்தவருக்கும் அதே தண்ணீரும் மின்சாரமும் தொடர்ந்து வர வேண்டும். மறுத்தால் என்ன ஆகும் என்பது எழுத்தில் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் போடும் கையெழுத்தை விருப்பம் என்று எண்ணக் கூடாது.

பணத்தால் அளக்க முடியாதது என்று சொல்லி ஒதுக்கிவிடும் இழப்பையும் ஒருவர் அளந்தார். பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதி 1958-ல் இடிக்கத் தொடங்கப்பட்டது. வெளியேறியவர்களிடம் பேசிய உளவியலாளர் மார்க் ஃபிரைட் 1963-ல் வெளியிட்ட ஆய்வில், பெண்களில் 46 விழுக்காட்டினரும் ஆண்களில் 38 விழுக்காட்டினரும் ஓரளவு கடுமையான துக்கத்தை அனுபவித்தார்கள் என்று கண்டார். நெருங்கியவரை இழந்தவர்களின் துக்கம் எந்த வடிவில் இருக்குமோ அதே வடிவில் இருந்தது அது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது, மாதக் கடைசியில் கைமாற்று வாங்குவது, நோயாளிக்குக் காவல் இருப்பது இவையெல்லாம் அந்தத் தெருவில் இலவசமாக நடந்தவை. தெருவோடு சேர்த்து ஒரே கட்டடத்துக்கு மாற்றினால் இதில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம், செலவும் கூடாது. ஆனால் பொதுக் குலுக்கல் முறை ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே சிதறடிக்கிறது. முறைகேட்டைத் தடுக்கக் குலுக்கல் வேண்டுமென்றால், ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சீட்டாகப் பதிவுசெய்ய அனுமதித்து, சீட்டைக் குலுக்கலாம்.

பட்டியலில் எப்போதும் வராத இன்னொரு கூட்டம், மீட்புப் பணியைச் செய்யும் தொழிலாளர்கள். மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம். அதை எந்திர அறுப்பானால் உலர்வாக வெட்டும்போது எழும் புழுதியில் கண்ணுக்குத் தெரியும் துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கேடு செய்வது 4 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்தவை. அவை நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாகின்றன. இந்தச் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணம் இல்லை. அமெரிக்காவில் 2016-ல் நிர்ணயித்த வரம்பு எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம். மூடிய கொட்டகையில் உலர்வாக வெட்டும் ஒருவர் அந்த அளவைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவார். முகத்தில் கட்டும் துணி இதைத் தடுக்காது. வெட்டும் இடத்திலேயே நீர் பாய்ச்ச வேண்டும், அல்லது புழுதியை அங்கேயே உறிஞ்ச வேண்டும்; அதற்கு மேல்தான் முகக்கவசம். கோயில்களுக்குக் கல் செதுக்கும் ராஜஸ்தானின் பிண்ட்வாரா பகுதியில் இளம் வயதிலேயே இந்த நோய் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. பழைய பெயிண்டை எரித்து உரிப்பதில் ஈயமும், இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களை இடிப்பதில் ஆஸ்பெஸ்டாஸும் இதே கதை. நோத்ர் தாமில் 2019 தீக்குப் பிறகு ஈயப் பாதுகாப்பு ஏற்பாடு சரியில்லை என்று ஜூலை மாதத்தில் வேலையையே சில வாரம் நிறுத்தினார்கள். புகழ்பெற்ற இடம் என்பதால் அது நடந்தது. ஒப்பந்தக்காரரின் துணை ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு வேலை செய்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நோய் பத்திருபது ஆண்டு கழித்து வரும்போது எந்தப் பணியிடத்தில் வந்தது என்று நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுத்தாளும் இருக்காது.

இடிக்கப்படாமல் தப்பியவர்களும் கணக்கில் வர வேண்டியவர்களே. பழைய வரிசை வீடுகளில் பொதுச் சுவர் ஒன்றே இரு வீட்டு உத்திரங்களையும் தாங்கும். நடுவில் ஒரு வீட்டை எடுத்துவிட்டால் பக்கவாட்டுத் தாங்கல் போய்விடும். நூறாண்டு உட்சுவராக இருந்தது திடீரென வெளிச்சுவராகி மழையில் நனையும். மண்சாந்து என்றால் ஒரே பருவத்தில் அடிப்பகுதி அரித்துவிடும். இடிப்பதற்கு முன்பே பக்கத்து வீடுகளின் விரிசல்களைத் தேதியோடு படமெடுக்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி வைத்தால் அது உடையும் நாளில் அசைவு தெரியும். சாய்வு முட்டுக் கொடுத்த பிறகே சுவரைத் தொட வேண்டும். திறந்துகிடக்கும் சுவருக்கு உடனே சுண்ணாம்புப் பூச்சும் தலைப்பில் மூடுகல்லும் வேண்டும். இந்த வேலைகளுக்கு ஒப்பந்தத்தில் தனிச் செலவினம் இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். பிறகு விரிசல் 'முன்பே இருந்தது' என்று வாதம் நடக்கும்.

மெதுவாக வரும் வெளியேற்றமும் உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாடு 2000 ஜனவரியோடு முடிவுக்கு வந்தது. 2008-ல் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. முன்னதால் பழைய வாடகைதாரர்களின் பாதுகாப்புப் போனது. பின்னதால் கடைவீடுகளின் விலை உயர்ந்தது. யாரும் யாரையும் இடித்து வெளியேற்றவில்லை. வாடகைக் கடிதம் ஒன்றே போதுமாயிருந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், நூறாண்டுக்கு முன்பே இருந்தது. 1915-ல் தஞ்சாவூரைப் பார்த்த நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெட்டிஸ், நெரிசலைக் குறைக்க நேர்த்தெருக்கள் வெட்டும் திட்டத்துக்கு மாற்றாக, மிகவும் சிதைந்த சில வீடுகளை மட்டும் எடுத்து, காலிமனைகளைத் திறந்து, இருக்கும் சந்துகளையே சீராக்கச் சொன்னார். வீடு வீடாக நடந்து பார்த்தால்தான் அப்படித் திட்டம் போட முடியும். செலவும் இடப்பெயர்வும் மிகக் குறைவு. இத்தாலியின் போலோன்யா 1970-களில் பொது வீட்டுவசதிப் பணத்தை நகருக்கு வெளியே புதுக் கட்டடம் எழுப்பச் செலவிடாமல், நகர நடுவில் தொழிலாளர்கள் வாழ்ந்த பழைய வரிசை வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிட்டது. முதலில் கையகப்படுத்தவே நினைத்தார்கள். உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். பிறகு ஒப்பந்த முறைக்கு மாறினார்கள்: பழுதுபார்க்க மானியம், பதிலுக்கு அதே வாடகைதாரரைக் கட்டுப்படுத்திய வாடகைக்கு ஒரு குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலம் முடிந்த வீடுகள் சந்தைக்குத் திரும்பின. அந்த அளவுக்கு முறையில் ஓட்டை இருந்தது. இருந்தாலும் கல்லையும் சுவரையும் போலவே குடியிருப்பவரையும் காக்க வேண்டியவராக ஒரு நகரத் திட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

அப்படி ஒப்புக்கொண்டால் வேலையின் வரிசை மாறும். கணக்கெடுப்புப் பட்டியலைத் தெருவில் ஒட்டி, படித்துக் காட்டி, விடுபட்டவர் முறையிட குறைந்தது முப்பது நாள் கொடுக்க வேண்டும். எழுத்து ஆவணம் இல்லாதவருக்கு அண்டைவீட்டார் இருவரின் சாட்சியை ஏற்க வேண்டும். மாற்று வீட்டின் முழு மாதச் செலவையும் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். சாவி கொடுத்த பிறகே இடிப்பு. உலக வங்கியின் தரம் பெரிய இடப்பெயர்வுகளில் வெளியார் நடத்தும் நிறைவுத் தணிக்கையையும் கேட்கிறது. பல நாடுகளின் சொந்தப் பணத்தில் நடக்கும் திட்டங்களில் அது இல்லை. ஐந்தாம் ஆண்டில் அந்தத் தணிக்கைக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது முதல் நாள் வாசல் வாசலாக எழுதிய அதே பட்டியல். ஒவ்வொரு பெயரையும் தேடிப்போய், இப்போது எங்கே இருக்கிறார், என்ன வேலை செய்கிறார், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று எதிரே எழுத வேண்டும். 'பூட்டியிருந்தது' என்று அன்று எழுதப்பட்ட வீடுகளிலிருந்து தொடங்கலாம்.